இந்தக் கட்டி யார் வீட்டுப் பிள்ளை?

2013-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கொலம்பியாவின் மெடயின் நகரத்தில் 41 வயதுக்காரர் ஒருவர் மருத்துவமனைக்கு வந்தார். பல மாதங்களாகக் காய்ச்சல், இருமல், சோர்வு. உடம்பு வேறு இளைத்துக்கொண்டே போனது. ஏற்கெனவே எச்.ஐ.வி. தொற்று உள்ளவர். அதற்கான மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஸ்கேனில் நுரையீரலில் உருண்டை உருண்டையாகக் கட்டிகள் தெரிந்தன. கழுத்தில் நெறி கட்டியிருந்தது. அங்கிருந்து கொஞ்சம் சதையை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் குழம்பிப்போனார்கள்.

நடத்தையைப் பார்த்தால் அசல் புற்றுநோய்தான். செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு, தாறுமாறாகப் பெருகி, பக்கத்துத் திசுவுக்குள் புகுந்திருந்தன. ஆனால் அளவு இடித்தது. மனிதப் புற்றுச் செல்லில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் இருந்தன அவை. புற்றுநோயா, அல்லது இதுவரை யாரும் பார்க்காத ஏதோ ஒரு கிருமியா? மாதிரிகள் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போயின. அங்கேயும் உடனே பதில் வரவில்லை.

அந்தப் பதிலுக்கு அப்புறம் வருவோம். ஒரு கட்டிக்கு எப்படிப் பெயர் வைக்கிறார்கள் என்பது தெரிந்தால்தான் அது எவ்வளவு விசித்திரமான பதில் என்பது புரியும்.

நமக்கெல்லாம் ஒரே கேள்விதான்: “கேன்சரா, இல்லையா?” கட்டியைச் சோதிக்கும் நோயியல் மருத்துவர், அதாவது பேதாலஜிஸ்ட், இன்னொரு கேள்வியும் கேட்பார். கிராமத்தில் புதிதாக வருகிற பையனைப் பார்த்துக் கேட்பார்களே, அதே கேள்வி: நீ யார் வீட்டுப் பிள்ளை? தோல், தசை, எலும்பு, நரம்பு, ரத்தம் என்று நம் செல்கள் ஒவ்வொன்றும் ஒரு வீட்டில் வளர்ந்தவை. வீட்டுக்கு வீடு பழக்கவழக்கம் வேறு. புற்றுச் செல் என்பது வீட்டுக்கு அடங்காமல் போன பிள்ளை. என்னதான் அடங்காமல் திரிந்தாலும் பிறந்த வீட்டின் சாயல் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கண்டுபிடித்தால்தான் எந்த மருந்து, எந்த அறுவை சிகிச்சை, எவ்வளவு அவசரம் என்று முடிவெடுக்க முடியும்.

சாதாரணக் கட்டிகளில் இது பெரிய பாடில்லை. மார்பகப் புற்றுநோயையும் வாய்ப் புற்றுநோயையும் தினம் பார்க்கிற கண், பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும். அரிய கட்டிகளில்தான் சிக்கல். ஐரோப்பியக் கணக்குப்படி, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஆறு பேருக்கும் குறைவாக வருவது அரிய புற்றுநோய். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சொற்பம். ஆனால் இவற்றில் ஏறக்குறைய இருநூறு வகை உண்டு. எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால் மொத்தப் புற்றுநோய்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வந்துவிடுகிறது. அதாவது, அரிய கட்டி உள்ளவர்கள் அரிதானவர்கள் அல்ல. எந்த ஒரு மருத்துவரும் ஒரே வகையைத் திரும்பத் திரும்பப் பார்க்க வாய்ப்பில்லை, அவ்வளவுதான்.

சரி, வெட்டியெடுத்த சதைத் துண்டு என்ன ஆகிறது? முதலில் பார்மலின் நிரப்பிய பாட்டிலுக்குள் போகிறது. சதை அழுகாமல், செல்கள் அப்படியே உறைந்து நிற்பதற்காக. துண்டின் அளவைப்போல் பத்து மடங்கு பார்மலின் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. வாய் குறுகிய பாட்டிலும் கூடாது. போடும்போது வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். பார்மலினில் ஊறி விறைத்த பிறகு வெளியே வராது. ஆய்வகத்தில் பாட்டிலை உடைக்க வேண்டியதுதான். கால்நடை மருத்துவர்களிடம் கேட்டால் இந்தக் கதை நிறையச் சொல்வார்கள். இதெல்லாம் அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆனால் சரியாகப் பதப்படுத்தாத துண்டை உலகத்திலேயே பெரிய நிபுணரிடம் கொடுத்தாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

பிறகு துண்டிலிருந்து தண்ணீரை நீக்கி, பாரஃபின் மெழுகில் பதித்து, சின்னக் கட்டியாக வார்க்கிறார்கள். ஆய்வகத்தில் அதற்கு ‘பிளாக்’ என்று பெயர். இந்த பிளாக்கை மைக்ரோடோம் என்ற கருவியில் வைத்து, மூன்று முதல் ஐந்து மைக்ரான் தடிமனில் சீவுகிறார்கள். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அது எவ்வளவு மெல்லியது என்று புரியும். அப்படிச் சீவியதைக் கண்ணாடி ஸ்லைடில் ஒட்டினால் ஏறக்குறைய நிறமே தெரியாது. அதனால் இரண்டு சாயம் ஏற்றுகிறார்கள். ஹீமடாக்சிலின், மத்திய அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் கட்டையிலிருந்து வருவது. செல்லின் கருவை நீலமாக்கும். ஈயோசின் மற்றதையெல்லாம் இளஞ்சிவப்பாக்கும். நூறு வருஷத்துக்கும் மேலாக உலகம் முழுக்கப் புற்றுநோயை நீலமும் இளஞ்சிவப்புமாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அந்த ஸ்லைடில் முதலில் தெரிவது, செல்கள் ஒன்றோடொன்று எப்படிப் பழகுகின்றன என்பது. ஓடு பதித்ததுபோல் ஒட்டி நின்றால், தோல் அல்லது உறுப்புகளின் உள்ளுறையிலிருந்து வந்த கார்சினோமாவாக இருக்கலாம். நூல்கதிர்போல் நீண்டு, கத்தை கத்தையாகக் கிடந்தால் தசை, கொழுப்பு, நரம்புறை போன்ற இடங்களிலிருந்து வரும் சார்கோமா நினைவுக்கு வரும். ஒட்டாமல் உதிரியாக, உருண்டையாகக் கிடந்தால் ரத்த வகைச் செல்கள். இப்படித்தான் சந்தேகப் பட்டியல் உருவாகிறது.

பட்டியல் அங்கேயே சுருங்காமல் நிற்கும் இடங்களும் உண்டு. குழந்தைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் வரும் சில கட்டிகள் எல்லாம் ஒரே முகத்தோடு இருக்கும்: சின்னதாக, உருண்டையாக, அடர்நீலமாக. நரம்பிலிருந்து வந்த நியூரோபிளாஸ்டோமாவும் தசையிலிருந்து வந்த ராப்டோமயோசார்கோமாவும் ரத்தத்து லிம்ஃபோமாவும் எலும்பில் வரும் யூயிங் சார்கோமாவும் பார்வைக்குச் சகோதரர்கள். சிகிச்சையோ ஒவ்வொன்றுக்கும் வேறு.

இங்கேதான் ‘இம்யூனோ’ என்ற சோதனை வருகிறது. ஒவ்வொரு வீட்டுச் செல்லும் சில புரதங்களைத் தயாரிக்கும். தோல் வகைச் செல்லில் கெராட்டின், தசையில் டெஸ்மின், வெள்ளையணுக்களில் சிடி45. இந்தப் புரதத்தை மட்டும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதத்தை, அதாவது ஆன்டிபாடியை, ஸ்லைடில் ஊற்றினால், அந்தப் புரதம் இருக்கும் செல்கள் மட்டும் பழுப்பு நிறமாகும். இப்படிக் காட்டிக்கொடுக்கும் புரதங்களை மார்க்கர் என்கிறார்கள். ஒரு மார்க்கரை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். பக்கத்து வீட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு திரியும் பிள்ளைகள் இங்கேயும் உண்டு. அதனால் நான்கைந்தை ஒன்றாகச் சேர்த்துப் போட்டு, எது ஏறியது, எது ஏறவில்லை என்று பார்ப்பார்கள். ஏறாமல் போனதும் சாட்சிதான்.

அதிலும் சந்தேகம் தீராவிட்டால் மரபணு. யூயிங் சார்கோமாவை 1921-இல் நியூயார்க்கின் ஜேம்ஸ் யூயிங் விவரித்தார். அதில் பெரும்பாலும் 11-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் உடைந்து, துண்டுகளை மாற்றி ஒட்டிக்கொண்டிருக்கும். இதைக் கண்ணாலேயே பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். உடையும் இடத்துக்கு ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை என ஒளிரும் சாயம் ஒட்டுவார்கள். உடையாத குரோமோசோமில் இரண்டும் சேர்ந்து மஞ்சளாகத் தெரியும். உடைந்திருந்தால் சிவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம் என்று விலகி நிற்கும்.

கால்நடை மருத்துவத்திலும் இதே படிகள்தான். ஒரு கூடுதல் தலைவலி உண்டு. சந்தையில் கிடைக்கும் ஆன்டிபாடிகள் பெரும்பாலும் மனிதப் புரதத்துக்காகச் செய்தவை. நாயின் புரதத்தில் அவை ஒட்டுமா என்று முதலில் தெரிந்த நாய்த் திசுவில் சோதித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ‘ஏறவில்லை’ என்பதற்குப் புரதம் இல்லை என்று அர்த்தமா, ஆன்டிபாடிக்கு நாயின் பாஷை தெரியவில்லை என்று அர்த்தமா, சொல்ல முடியாது.

இப்போது மெடயினுக்குத் திரும்பலாம். அந்தக் குட்டிச் செல்களில் கெராட்டினும் ஏறவில்லை, சார்கோமா வகைச் செல்களைக் காட்டிக்கொடுக்கும் விமென்டினும் ஏறவில்லை. ஏதோ ஒரு வீட்டுக் கதவாவது திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை. கடைசியில் டிஎன்ஏவை எடுத்துப் படித்துப் பார்த்தபோது தெரிந்தது: அவை மனிதச் செல்களே அல்ல. ஹைமனோலெபிஸ் நானா என்ற குட்டை நாடாப்புழுவின் செல்கள். உலகத்தில் கோடிக்கணக்கானோர் குடலில் சத்தமில்லாமல் வாழும் புழு அது. அவருடைய குடலில் இருந்த புழுவுக்குப் புற்றுநோய் வந்து, எதிர்ப்புச் சக்தி குன்றிய அவர் உடம்புக்குள் அது பரவியிருந்தது. டிஎன்ஏ பதில் கிடைத்த மூன்று நாளில் அவர் இறந்துபோனார். 2015-இல் மருத்துவ இதழில் இது வெளியானபோது, ஒட்டுண்ணியின் புற்றுநோய் மனிதனுக்குள் பரவியதற்கான முதல் பதிவு என்றார்கள்.

யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுக்கொண்டே போனால், ‘இந்த ஊரே இல்லை’ என்று பதில் வரக்கூடும் என்பதை அதுவரை நுண்ணோக்கி முன் உட்கார்ந்த யாரும் பெரிதாக யோசித்திருக்க மாட்டார்கள். ஆனால் கால்நடை மருத்துவர்களுக்கு அது அவ்வளவு புதிதில்லை. அதற்கு உதாரணம் நம் தெருவிலேயே இருக்கிறது.

தெருநாய்களின் பிறப்புறுப்பில் காலிஃபிளவர்போல் சிவந்த, ரத்தம் கசியும் கட்டியைப் பார்த்திருப்பீர்கள். இனச்சேர்க்கையில் ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குத் தொற்றுவது. தொற்றுவது வைரஸ் அல்ல, புற்றுச் செல்லேதான். 1876-இல் நோவின்ஸ்கி என்ற ரஷ்யக் கால்நடை மருத்துவர் கட்டித் துண்டை ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டி வளர வைத்துக் காட்டினார். நாயின் சாதாரணச் செல்லில் 78 குரோமோசோம்கள் இருக்கும்; இந்தக் கட்டிச் செல்லில் அறுபதையொட்டித்தான் இருக்கும். எந்த நாட்டு நாயில் எடுத்தாலும் செல்லின் மரபணு ஒன்றோடொன்று ஒத்துப்போகிறது, அதைச் சுமக்கும் நாயோடு ஒத்துப்போவதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே ஒரு நாயின் செல் அது. 2019-இல் வெளிவந்த மரபணு ஆய்வு, 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் அது தோன்றியிருக்கலாம் என்று கணக்கிட்டது. அந்த நாய் செத்து மண்ணாகிப் போனது. அதன் செல் மட்டும் இன்னும் நாய்விட்டு நாய் தாவிக்கொண்டிருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஸ்லைடைக் கட்டியின் மேல் மெல்ல ஒற்றி எடுத்துச் சாயம் போட்டால் போதும். உருண்டைச் செல்களுக்குள் முத்துமாலைபோல் வரிசையாக வெற்றுக் குமிழிகள் தெரியும். சிக்கல், கட்டி வழக்கமான இடத்தை விட்டு மூக்கில் வரும்போதுதான். நாய்கள் மோந்து பார்க்கும் பழக்கத்தால் மூக்குக்குள்ளும் செல் ஒட்டிவிடும். வெளியே கட்டி தெரியாது. மூக்கில் ரத்தம் மட்டும் வரும். நம் ஊரில் மூக்கில் ரத்தம் என்றால் உண்ணிக் காய்ச்சல்தான் முதலில் நினைவுக்கு வரும், அது நியாயமும்கூட. மருந்து கொடுத்தும் நிற்காவிட்டால் மூக்குக்குள் பார்க்கத் தோன்ற வேண்டும். கண்டுபிடித்துவிட்டால் வைத்தியம் சுலபம்: வாரத்துக்கு ஒரு வின்கிரிஸ்டின் ஊசி, சில வாரங்கள். அந்த மருந்து எடுக்கும் செடி வேறெதுவுமில்லை, சுடுகாட்டுப் பூ என்று நாம் வீட்டு முற்றத்தில் வைக்கத் தயங்கும் நித்தியகல்யாணி.

இதேபோல் இன்னொன்று ஆஸ்திரேலியாவின் டாஸ்மானியத் தீவில். அங்குள்ள டாஸ்மானியப் பேய் என்ற விலங்குகளின் முகத்தில் கோரமான கட்டிகள் 1996-இல் முதலில் கண்ணில் பட்டன. ஏதோ வைரஸ் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆன்-மரீ பியர்ஸும் கேட் ஸ்விஃப்டும் கட்டிகளின் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தார்கள். எல்லா விலங்கின் கட்டியிலும் ஒரே மாதிரியான சிதைவு. அதோடு நிற்கவில்லை. ஒரு விலங்கின் சொந்தச் செல்களில் 5-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு பிறவியிலேயே தலைகீழாக இருந்தது. கட்டி அதன் உடம்பிலிருந்தே வந்திருந்தால் அந்தத் தலைகீழ்த் துண்டு கட்டியிலும் இருந்தாக வேண்டும். இல்லை. ஒரு துப்பறிவாளர் இதைவிடத் தெளிவான தடயம் கேட்க முடியாது. 2006-இல் அவர்கள் எழுதிய சின்னக் கட்டுரை, சண்டையில் கடித்துக்கொள்ளும்போது செல்லே தாவுகிறது என்ற முடிவுக்குக் கொண்டுபோனது. பிறகு அது நரம்பைச் சுற்றியிருக்கும் ஷ்வான் செல்லின் பிள்ளை என்று தெரிந்தது. பெரியாக்சின் என்ற புரதம் அதற்கு மார்க்கர் ஆனது. 2014-இல் அதே தீவின் தென்கிழக்கில் பிடிபட்ட ஒரு விலங்கின் முகக் கட்டி, பார்வைக்கு அச்சு அசலாக அதேதான். ஆனால் பெரியாக்சின் ஏறவில்லை. முதல் கட்டியில் இல்லாத ஒய் குரோமோசோம் இதில் இருந்தது. அது இரண்டாவதாகத் தோன்றிய, வேறொரு தொற்றும் புற்றுநோய். மார்க்கர் போட்டுப் பார்க்காமல், ‘தெரிந்த கட்டிதானே’ என்று விட்டிருந்தால் தப்பிப் போயிருக்கும்.

அரிது என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது நாம் எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. மாட்டின் கொம்புக்குள் வரும் புற்றுநோய் மேலை நாட்டுக் கால்நடை மருத்துவருக்குப் புத்தகத்தில் படிக்கிற வியாதி. இந்தியாவிலோ, குறிப்பாகக் குஜராத்தின் காங்ரேஜ் போன்ற பெருங்கொம்பு இனங்களின் எருதுகளில், அது நன்கு பழகிய நோய். எருது தலையை உதறும், கொம்பை மரத்தில் தேய்க்கும். அந்தப் பக்க மூக்கில் ரத்தம் கசியும். தட்டினால் கொம்பின் ஓசை மந்தமாகக் கேட்கும். நாளாக ஆகக் கொம்பு சாயும். காரணமாக வெயில், நுகத்தடி உராய்வு, கொம்பைச் சீவி வர்ணம் பூசுவது என்று பலதும் சந்தேகப் பட்டியலில் இருக்கின்றன. எலும்பில் வரும் ஆஸ்டியோசார்கோமாவும் அப்படியே. அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் மனிதர்களுக்கு வருகிறது. நாய்களில் பத்தாயிரத்துக்கும் மேல். மனித மருத்துவர் அபூர்வமாகப் பார்ப்பதைக் கால்நடை மருத்துவர் வாடிக்கையாகப் பார்க்கிறார். இவர்கள் இரண்டு பேரும் அடிக்கடி பேசிக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

பெயர் சரியாக இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு, குடலில் வரும் ‘ஜிஸ்ட்’ என்ற கட்டி நல்ல சாட்சி. வெகுகாலம் அதைக் குடல் தசையின் பிள்ளை என்றே பெரும்பாலும் எழுதிவந்தார்கள். தசைக் கட்டிக்கான கீமோ கொடுத்தார்கள். ஏறக்குறைய எதுவும் பலிக்கவில்லை. 1998-இல் ஜப்பானின் ஒசாகாவில் ஹிரோட்டாவின் குழு, இதில் ‘கிட்’ என்ற மரபணு மாறி, ஓயாமல் ‘வளரு, வளரு’ என்று உத்தரவு போட்டுக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தது. வீடும் வேறு: குடலின் அசைவுக்குத் தாளம் போடும் காஹால் செல்களோடுதான் இதற்கு உறவு. அந்த உத்தரவை அடக்கும் மாத்திரை ஒன்று, இமாட்டினிப், ரத்தப் புற்றுநோய்க்காக ஏற்கெனவே சோதனையில் இருந்தது. 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் ஹெல்சின்கியில் ஒரு பெண்ணுக்கு அதைக் கொடுத்தார்கள். வேறு எந்தச் சிகிச்சைக்கும் மசியாத கட்டிகள் சில வாரங்களிலேயே சுருங்கின.

அதனால் உங்கள் வீட்டில் யாருக்காவது அறிக்கையில் கேள்விப்படாத பெயர் வந்தால், ஸ்லைடையும் பிளாக்கையும் வாங்கி, அந்த வகையை அதிகம் பார்க்கும் பெரிய மையத்தில் இன்னொரு முறை படிக்கச் சொல்வது தப்பே இல்லை. முதலில் பார்த்தவர் மேல் நம்பிக்கையில்லை என்று ஆகாது. பிரான்சிலும் இத்தாலியிலும் சேர்ந்து மூன்று பகுதிகளில் சார்கோமா நோயாளிகளின் ஸ்லைடுகளை நிபுணர்கள் மறுபடி பார்த்தபோது, நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் ஏதாவது ஒரு திருத்தம் வந்தது. 2012-இல் வெளியான முடிவு இது. சில திருத்தங்கள் சின்னவை, சில சிகிச்சையையே மாற்றக்கூடியவை. வெறும் அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுபோனால் போதாது; தாளில் இருப்பது முதல் மருத்துவர் பார்த்தது. மெழுகு பிளாக் பல வருஷம் கெடாது. அதிலிருந்து புதிதாகச் சீவி, அன்றைக்கு இல்லாத மார்க்கரை இன்றைக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இப்படித் திரும்பப் பார்ப்பதில் சாதனை படைத்தது ஓர் எலும்பு. கனடாவின் ஆல்பர்ட்டாவில் 1989-இல் சென்ட்ரோசாரஸ் என்ற கொம்புள்ள டைனோசரின் கெண்டைக்கால் எலும்பு ஒன்றைத் தோண்டியெடுத்தார்கள். ஒரு முனை வீங்கிக் கோணலாக இருந்தது. முறிந்து கூடிய எலும்பு என்று எழுதி வைத்துவிட்டார்கள். பல வருஷம் கழித்து, தொல்லுயிர் ஆய்வாளர்களும் எலும்பு அறுவை மருத்துவர்களும் ஸ்கேன் மருத்துவர்களும் நோயியல் மருத்துவர்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு நோயாளிக்குச் செய்வதைப்போலவே அதை சி.டி. ஸ்கேன் செய்து, மெல்லியதாகச் சீவி, நுண்ணோக்கியில் வைத்து, அதே இனத்தின் நல்ல எலும்பு ஒன்றோடும், அதே எலும்பில் ஆஸ்டியோசார்கோமா வந்த ஒரு மனிதரின் மாதிரியோடும் ஒப்பிட்டார்கள். 2020-இல் அறிக்கை வந்தது: முறிவு இல்லை, முற்றிய ஆஸ்டியோசார்கோமா. ஏழரைக் கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய நோயாளி. அது கிடைத்த இடத்தில் ஒரு பெரிய மந்தையின் எலும்புகளே குவிந்து கிடந்தன. ஆகவே அந்த நொண்டிக் காலோடும் அது தன் கூட்டத்தோடுதான் நடந்து திரிந்திருக்கிறது. மந்தையோடு வெள்ளத்தில் போயிருக்கலாம், புற்றுநோயால் அல்ல.